சிரிக்க வேண்டிய பாட்டு மேடையில் ஏன் விழுகிறது? நாட்டுப்புற ராக் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பறையும் கிடாரும் சேர்த்து, வாடகை வீடு, தண்ணீர் லாரி, ஷேர் ஆட்டோ என்று அன்றாடக் கஷ்டங்களைக் கிண்டலாகப் பாடும் சுயாதீனக் குழு தொடங்கப் போகிறீர்கள் என்றால் ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். சோகப் பாட்டில் நாலு வார்த்தை புரியாமல் போனாலும் மெட்டு காப்பாற்றிவிடும். நகைச்சுவைப் பாட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது, ஒரு வார்த்தை காதில் விழவில்லை என்றால் சிரிப்பு போச்சு.

எழுதும்போதே தவறு ஆரம்பிக்கிறது. "வாடகை வீட்டு வாழ்க்கை துன்பமடா" என்று எழுதினால் யார் சிரிப்பார்கள்? அதுவே "அட்வான்ஸ் பத்து மாசம், ஆணி அடிச்சா மோசம்" என்று பாடிப் பாருங்கள், சென்னையில் வீடு தேடி அலைந்தவர்கள் எல்லோருக்கும் ஹவுஸ் ஓனர் கண்முன் வந்து நிற்பார். சிரிக்க வேண்டிய சொல் வரியின் கடைசியில் இருப்பதையும் கவனியுங்கள். அதற்கு அப்புறம் ஒரு தட்டாவது சும்மா விட வேண்டும். பல குழுக்கள் சரியாக அந்த இடத்தில்தான் டிரம்ஸை உருட்டுகின்றன, கூட்டம் சிரிக்க வாயெடுப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடுகிறது.

மெட்டுக்காகக் குறிலை இழுப்பது இன்னொரு தவறு. தண்ணீர்ப் பாட்டில் "குடம்" என்பதை இழுத்தால் "கூடம்" ஆகிவிடும், கேட்பவர் கூடத்துக்கும் லாரிக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிப்பதற்குள் பாட்டு கடந்துவிடும். மெட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த இடத்தில் அதை மாற்றுங்கள், இல்லையென்றால் நெடிலில் தொடங்கும் சொல்லைத் தேடுங்கள்.

மேடை ஒலிதான் மிகப் பெரிய பிரச்சினை. ஒரு சொல்லின் மெய்யெழுத்துகளைத் தெளிவாகக் காட்டுவது பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. டிஸ்டார்ஷன் போட்டுக் கரகரப்பாக்கிய கிடாரும், சிண்டுக் குச்சி என்ற மெல்லிய நீளக் குச்சி பறையில் படும் அந்தச் சுளீர் ஒலியும் அதே இடத்துக்குத்தான் போட்டி போடுகின்றன. பாடகரின் ஒலியை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் மைக் கூவத் தொடங்கும். பாடும் வரிகளில் கிடாரை அடக்கி, வரிகளுக்கு நடுவே அவிழ்த்துவிடுங்கள். பறையைப் பாடகருக்கு நேர் பின்னால் நிறுத்தாதீர்கள், பாட்டு மைக்குக்குள்ளேயே அது புகுந்துவிடும், பிறகு எந்த சவுண்ட் இன்ஜினியராலும் பிரிக்க முடியாது. பாட்டு வரியைப் பார்க்காத ஒருவரிடம் பதிவை ஒரே ஒரு முறை போட்டுக் காட்டி, கேட்டதை எழுதித் தரச் சொல்லுங்கள். எந்த இடத்தில் வேறு ஏதோ எழுதுகிறாரோ அங்கே வேலை பாக்கி இருக்கிறது.

இதற்கு நம்மிடம் பழைய வழி ஒன்று உண்டு. வில்லுப்பாட்டில் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார், முக்கியமான சொல்லைத் திருப்பிச் சொல்வார், குறுக்குக் கேள்வி கேட்பார். சொல் இரண்டாவது முறை காதில் விழுகிறது, சிரிக்கவும் நேரம் கிடைக்கிறது. வில்லுப்பாட்டில் தேர்ந்த என்.எஸ். கிருஷ்ணன் இதை வைத்து எத்தனை விஷயத்தை மக்களிடம் சொன்னார்! தெருக்கூத்தில் கோமாளியாக வந்து கதையை நடத்தும் கட்டியங்காரன் செய்வதும் கிட்டத்தட்ட இந்த வேலையைத்தான். இரண்டாவது குரலை வெறும் ஹார்மனிக்கு மட்டும் வைத்திருக்கும் குழுக்களைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறுவதில்லை.

பறையை அலங்காரத்துக்கு வைப்பதும் கூடாது. திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்குகள் (ரிஃப்) எல்லாம் முடிவான பிறகு பறைக் கலைஞரைக் கூப்பிட்டு "இதுக்கு ஏத்த மாதிரி அடிங்கண்ணா" என்றால் அது நாட்டுப்புற ராக் ஆகாது. பாட்டு பிறக்கும்போதே அவர் அங்கே இருக்க வேண்டும், அடியிலிருந்துதான் மெட்டு வர வேண்டும், சம்பளமும் பெயரும் மற்றவர்களுக்குச் சமமாக இருக்க வேண்டும். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் கானாப் பாடகர்களும் ராப், ராக் இசைக்காரர்களும் ஒரே குழுவாக நின்றார்கள், அந்தப் பாட்டுகளின் பலமே அதுதான். சின்ன விஷயம், ஆனால் சொல்ல வேண்டும்: தோல் பறை ஈரக் காற்றில் தொய்ந்துவிடும், நெருப்பில் காட்டித்தான் ஏற்ற வேண்டும், அதனால் எங்கே காய்ச்சலாம் என்று அரங்கத்துக்காரர்களிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

யாரைக் கிண்டல் செய்கிறோம் என்பதில் பலர் தவறுகிறார்கள். வீட்டு வேலை செய்யும் அக்காவின் பேச்சு, ஒருவரின் நிறம், உடம்பு, மனைவி என்றாலே தொல்லை என்ற அரதப் பழசு, இவற்றில் சிரிப்பு சுலபமாக வரும், ஆனால் அரங்கில் பாதிப் பேர் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். ஹவுஸ் ஓனரைப் பாடுங்கள், மேனேஜரைப் பாடுங்கள், எதிர்த்துப் பேச வாயும் வசதியும் உள்ளவர்களைப் பாடுங்கள்.

கடைசியாகக் காகித வேலை. "நாட்டுப்புறப் பாட்டுதானே, யாருக்கும் சொந்தமில்லை" என்று யாரோ பதிவு செய்த வடிவத்தை அப்படியே எடுக்காதீர்கள். பாட்டு பழசாக இருக்கலாம், அந்தப் பதிவுக்கும் புதிதாகச் சேர்த்த வரிகளுக்கும் உரிமையாளர் இருப்பார். பாடிக் கொடுத்த பாட்டியின் பெயரையாவது போடுங்கள். உங்கள் சொந்தப் பாட்டுக்கு யார் வரி, யார் இசை, யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை வெளியிடும் முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள், நண்பர்கள் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி உரிமையைச் சட்ட வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. அதைத் தெரிந்துகொண்டு ஒப்பந்தத்தைப் படியுங்கள், பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகச் சேருங்கள்.