சாசரை வாய்விட்டுப் படியுங்கள்

ஆங்கில இலக்கியம் படிக்கிறவர்கள், கவிஞர் ஜெஃப்ரி சாசர் எழுதிய ‘கேன்டர்பரி கதைகள்’ என்ற கவிதை நூலின் முன்னுரையைப் பார்த்ததும் மிரண்டுபோய் நவீன ஆங்கில உரைக்கு ஓடிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதியது அது. அன்றைய உச்சரிப்பு வேறு. ‘நைட்’ என்று நாம் சொல்லும் வீரனை அவர்கள் ‘க்னிஹ்ட்’ என்றார்கள். ‘நேம்’ அப்போது ‘நாம’. முதல் இரண்டு வரிகளின் கடைசிச் சொற்களை ‘சோட்ட’, ‘ரோட்ட’ என்று சொல்லிப் பாருங்கள், எதுகை தானாக வந்து விழும். பத்து வரிகளைத் தமிழெழுத்தில் ஒலிபெயர்த்து, தினமும் இரண்டு தடவை உரக்கப் படித்தால் போதும். ஒரு வாரத்தில் நாக்கு பழகிவிடும், எனக்கு அப்படித்தான் ஆனது.

அப்புறம், தெரிந்த சொற்களிடம்தான் அதிக கவனம் வேண்டும். ‘நைஸ்’ என்றால் அன்று முட்டாள்தனமான என்று பொருள்! சந்தேகம் வந்தால் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதி இணையத்தில் இலவசம். ஹார்வர்டின் சாசர் தளத்தில் வரிக்கு வரி பொருளும் உண்டு. ஆனால் மூலத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்த பிறகே அதைத் திறவுங்கள்.