ஐ.பி.எஸ். உள்ளவர்கள் யாழ்ப்பாணம் போகுமுன்: வயிற்றைக் குழப்புவது எது என்று இங்கேயே கண்டுபிடியுங்கள்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு ரிக்கற் போட்ட அன்றே ஐ.பி.எஸ். (Irritable Bowel Syndrome, வயிற்று நோவும் மலப்போக்கில் குழப்பமும் அடிக்கடி வரும் குடல் வருத்தம்) உள்ளவர்களுக்குக் கவலை தொடங்கிவிடும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். பஸ் வழியில் எங்கே நிற்கும், மாமி வீட்டில் சாப்பிடச் சொன்னால் எப்படி மறுப்பது, கலியாண வீட்டில் நடுவில் எழும்ப வேண்டி வந்தால் என்ன செய்வது என்று மனம் ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியில் பலர் எடுக்கும் முடிவு, "உறைப்பைக் குறைத்தால் சரி" என்பது. அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். உறைப்பு சிலருக்குக் காரணம்தான். ஆனால் வெங்காயம், உள்ளி (பூண்டு), கோதுமைமா, பால்மா போட்ட தேத்தண்ணி, ஒரே நேரத்தில் சாப்பிடும் அளவு, நித்திரைக் குறைவு, மனப்பாரம் என்று வேறு பல காரணங்களும் இருக்கின்றன. இவற்றில் உங்களுடையது எது என்பதை ஊரில் போய் நின்று கண்டுபிடிக்க முடியாது. அங்கே சாப்பாடு, நேரம், தண்ணீர், நித்திரை எல்லாம் ஒரே நாளில் மாறிவிடும். எது எதைச் செய்தது என்று பிரித்துப் பார்க்க வழியே இருக்காது. ஆகவே பயணத்துக்கு மூன்று, நான்கு மாதம் முன்னரே உங்கள் சொந்தக் குசினியில் இந்த வேலையைத் தொடங்குங்கள்.

அதற்கு முன் ஒரு விஷயம். இது ஐ.பி.எஸ். என்று டொக்டர் சொன்னாரா, நீங்களே முடிவு செய்ததா? கடந்த மூன்று மாதத்தில் சராசரியாகக் கிழமைக்கு ஒரு நாளாவது வயிற்று நோ வருகிறதா, மலம் போவதோடு அந்த நோ கூடுகிறதா குறைகிறதா, போகும் தடவையும் மலத்தின் தன்மையும் மாறியிருக்கிறதா என்றுதான் மருத்துவர்கள் பார்ப்பார்கள். மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, இரத்தச்சோகை, நித்திரையை விட்டு எழுப்பும் வயிற்றோட்டம், 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய குழப்பம், குடும்பத்தில் குடல் புற்றுநோய் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் பரிசோதனை, பிறகுதான் பயணம். கோதுமையை நிறுத்த நினைப்பவர்கள், நிறுத்துவதற்கு முன்பே சீலியாக் நோய்க்கான (கோதுமையில் உள்ள குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) இரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். நிறுத்திய பிறகு செய்தால் முடிவு பிழையாக வரலாம்.

குறிப்பேடு

ஒரு சின்னக் கொப்பி போதும். என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, எவ்வளவு. நோ எத்தனை மணிக்கு வந்தது, பத்துக்கு எத்தனை. மலம் எப்படி இருந்தது. முதல் நாள் இரவு எத்தனை மணித்தியாலம் நித்திரை. அன்று மனம் எப்படி, அதற்கும் பத்துக்கு ஒரு இலக்கம். பெண்கள் மாதவிடாய் நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் குடல் வேறு மாதிரி நடந்துகொள்வது சாதாரணம். இரண்டு கிழமை எழுதினாலே சில கோலங்கள் தெரியத் தொடங்கும்.

இந்தக் கொப்பியை வாசிக்கும்போதுதான் பலரும் வழுக்குவது. நோ வந்தவுடன், கடைசியாகச் சாப்பிட்டதையே குற்றவாளி ஆக்கிவிடுகிறோம். மத்தியானம் கத்தரிக்காய்க் கறி சாப்பிட்டேன், அரை மணித்தியாலத்தில் ஓடவேண்டி வந்தது, ஆகவே கத்தரிக்காய் எனக்கு ஆகாது என்று. ஆனால் சாப்பாடு வயிற்றுக்குள் விழுந்ததுமே பெருங்குடல் அசையத் தொடங்குவது எல்லோருக்கும் உள்ள இயல்பு. ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்கு அந்த அசைவு கூடுதலாக இருக்கும். சாப்பாடு பெரிதாகவும் எண்ணெய் கூடியதாகவும் இருந்தாலோ, பதற்றத்தோடு சாப்பிட்டாலோ இன்னும் கூடும். உடனே வரும் அவசரத்துக்கு அந்தக் கத்தரிக்காயை விட அளவும் எண்ணெயும்தான் பொதுவாகக் காரணம். வெங்காயம், பருப்பு போன்றவற்றால் வரும் ஊதலும் நோவும் வேறு வகை. அவை சிறுகுடலில் சரியாகச் சமிக்காமல் பெருங்குடல் வரை போய், அங்கே கிருமிகள் அவற்றை நொதிக்க வைக்கும்போது வாயு சேர்கிறது. அதற்குச் சில மணித்தியாலம் பிடிக்கும், சில வேளை மறுநாளும் ஆகும். காலையில் வரும் வயிற்று ஊதலுக்கு முதல் நாள் இரவுச் சாப்பாட்டைத் தேடுங்கள்.

நிறுத்திப் பார்ப்பது, திரும்பச் சேர்ப்பது

இப்படி நொதிக்கும் சீனிப்பொருட்களுக்கு ஃபொட்மாப் என்று பெயர். மெல்பேர்ணில் உள்ள மொனாஷ் பல்கலைக்கழகம் இதைப் பற்றி விரிவாக ஆராய்ந்து ஓர் உணவு முறையை வளர்த்தது. இரண்டு முதல் ஆறு கிழமை வரை இவற்றைக் குறைத்துவிட்டு, நோ தணிந்த பிறகு ஒவ்வொரு வகையாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பதுதான் முறை. ஒரு வகையை மூன்று நாள், அளவைக் கூட்டிக்கொண்டே சாப்பிட வேண்டும். பிறகு இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு அடுத்த வகை. நம்மில் பலர் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். ஆறு மாதம் உள்ளியும் இல்லை, பருப்பும் இல்லை, பாணும் இல்லை என்று மெலிந்துபோய் இருக்கிறார்கள். இது வாழ்நாள் பத்தியம் கிடையாது. திரும்பச் சேர்த்துப் பார்க்காவிட்டால் எது ஆகும் என்று கடைசி வரை தெரியாது. உணவு ஆலோசகரின் துணை கிடைத்தால் கட்டாயம் பெற்றுக்கொள்ளுங்கள். ஏற்கனவே எடை குறைந்தவர்களும் சாப்பாட்டுக்குப் பயப்படத் தொடங்கியவர்களும் தனியாகச் செய்யவே கூடாது.

நம் சமையலில் முதலில் சோதிக்க வேண்டியவை சின்ன வெங்காயமும் உள்ளியும். இரண்டிலும் ஃபிரக்டான் என்ற ஃபொட்மாப் வகை நிறைய. இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள், ஏனென்றால் ஒன்று ஒத்துக்கொண்டு மற்றது ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். சொதியில் கிடக்கும் வெங்காயத்தைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவதில் பயனில்லை, ஃபிரக்டான் தண்ணீரில் கரைந்து சொதிக்குள் இறங்கியிருக்கும். எண்ணெயில் அது கரையாது. ஆகவே தனி எண்ணெயில் உள்ளியைப் பொரித்து, உள்ளியை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் வாசம் கிடைக்கும், வயிறும் பேசாமல் இருக்கும். பெருங்காயமும் உதவும். ஆனால் கடைப் பெருங்காயத்தில் பொதுவாகக் கோதுமைமா கலந்திருக்கும், சீலியாக் உள்ளவர்கள் கவனம்.

அடுத்தது பருப்பு. மைசூர்ப் பருப்பு, கடலை, பயறு எல்லாவற்றிலும் இன்னொரு வகை ஃபொட்மாப் உண்டு. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் ஓரளவு குறையும். பாலையும் பால்மாவையும் அவற்றில் உள்ள சீனியான லக்ரோசுக்காகத் தனியாகச் சோதியுங்கள். பாலை விடத் தயிர் பலருக்கு ஒத்துக்கொள்ளும், புளிக்கும்போது லக்ரோஸ் கொஞ்சம் குறைந்துவிடுவதால். மாம்பழத்தில் பழச் சீனியான ஃபிரக்டோஸ் கூடுதல். சோறு, மீன், முட்டை, இறைச்சி, கரட், உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், அன்னாசி, பப்பாப்பழம் ஆகியவை இந்தக் கணக்கில் பெரும்பாலும் பிரச்சினை இல்லாதவை. உறைப்பு ஃபொட்மாப் வகைக்குள் வராது. மிளகாயில் உள்ள கப்சைசின் குடலின் நோ நரம்புகளை நேரடியாகத் தூண்டுகிறது. அதைச் சோதிக்க ஒரே கறியை ஒரு நாள் பாதித் தூளிலும் மறுமுறை வழக்கமான தூளிலும் சமைத்துப் பாருங்கள். மற்ற எதையும் மாற்றாதீர்கள்.

மனம்

"உங்களுக்கு ஒன்றுமில்லை, எல்லாம் யோசனைதான்" என்று சொல்பவர்களைக் கேட்டுக் கேட்டு, ஐ.பி.எஸ். உள்ள பலர் மனநெருக்கடி பற்றிப் பேசவே விரும்புவதில்லை. அந்தக் கோபம் நியாயமானது. நோ உண்மையானது, குடல் நரம்புகள் கூர்மையாகிவிட்டதால் மற்றவர்கள் உணராத சிறு வாயுவும் இவர்களுக்கு வலிக்கிறது. மூளையும் குடலும் நரம்புகளாலும் சுரப்புகளாலும் தொடர்பில் இருப்பதால் பதற்றம் அந்தக் கூர்மையை இன்னும் ஏற்றுகிறது. மனநெருக்கடியை உணவைப் போலவே ஒரு காரணியாக எடுத்துச் சோதிக்கலாம். அதே சாப்பாட்டை ஓய்வான ஒரு சனிக்கிழமையிலும், வேலையில் நெருக்கடியான ஒரு நாளிலும் சாப்பிடுங்கள். சனிக்கிழமை ஒத்துக்கொண்டு மற்ற நாள் குழப்பினால், அந்தச் சாப்பாட்டை விலக்கத் தேவையில்லை. நித்திரை குறைந்த இரவுக்கு அடுத்த நாளை மட்டும் கொப்பியில் வட்டம் போட்டுப் பாருங்கள், பலருக்கு அங்கேதான் விடை கிடைக்கும்.

ஊர்ப் பயணத்தில் இந்தப் பாரம் கூடும். இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்த காணியைப் போய்ப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அம்மாவின் அந்தியேட்டிக் கிரியைக்குப் போகிறவர்களும், உறுதிப் பத்திரத்துக்காகக் கந்தோர் கந்தோராய் ஏறி இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த நாட்களில் குடல் பேசாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். எந்தெந்த நாட்கள் பாரமானவை என்று முன்னரே தெரியும்தானே. அந்த நாட்களில் உங்களுக்கு ஆகும் என்று உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சாப்பிடுங்கள். புதிதாக எதையும் தொடவேண்டாம். வயிறு மேலெழும்பும்படி மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட நீளமாக விடும் பயிற்சியை இங்கேயே பழகிக்கொள்ளுங்கள். அவசரம் வந்தபிறகு முதல்முறையாக முயன்றால் கைகொடுக்காது.

அங்கே போனபின்

ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணித்தியால வித்தியாசம், கோடையில் ஒன்பதரை. லண்டனிலிருந்து போனால் ஐந்தரை, நாலரை. குடலுக்கும் ஒரு நாள்கணக்கு இருக்கிறது, காலையில் விழித்து அசையும், இரவில் ஓய்ந்துவிடும். அது ஒழுங்குக்கு வரச் சில நாள் எடுக்கும். முதல் மூன்று நாளுக்கு விருந்தும் நீண்ட பயணமும் வைக்காதீர்கள். கொழும்பிலிருந்து ரயிலில் போனால் கழிப்பறை உள்ளேயே இருக்கிறது என்ற நிம்மதி ஒன்றே பலருக்குப் பாதி மருந்து.

இடியப்பமும் பிட்டும் அரிசிதானே என்று நினைத்துவிடாதீர்கள். பல வீடுகளிலும் கடைகளிலும் அவித்த கோதுமைமா கலந்தே செய்கிறார்கள். கோதுமை உங்களுக்கு ஆகாது என்று தெரிந்திருந்தால் "தனி அரிசிமாவோ?" என்று கேளுங்கள். கொத்துரொட்டி, ரோல்ஸ் பற்றிச் சொல்லவே தேவையில்லை. ஒடியல் கூழை நான் யாருக்கும் தடுக்க மாட்டேன், ஆனால் உறைப்பும் பலாக்கொட்டையும் பயிற்றங்காயும் ஒரே சட்டியில் சேர்வதால், ஓய்வான ஒரு நாளில் சின்னக் கோப்பையோடு நிறுத்துங்கள்.

உண்மையான சோதனை வீடு வீடாகப் போகும் நாள். ஐந்து வீடு என்றால் ஐந்து தேத்தண்ணி, ஐந்து தட்டு வடை. ஐ.பி.எஸ். உள்ளவர்கள் தேநீரையும் கோப்பியையும் நாளுக்கு மூன்று கோப்பையோடு நிறுத்தவேண்டும் என்பது பிரித்தானிய மருத்துவ வழிகாட்டலில் உள்ள அறிவுரை. அந்த நாளில் மூன்றாம் வீட்டிலேயே அது முடிந்துவிடும். முதல் நாளே ஒருவரைத் துணைக்குப் பிடியுங்கள், பெரிய மாமியோ அக்காவோ. "மாமி, எனக்குக் குடல் வருத்தம். டொக்டர் உள்ளி, வெங்காயம் நிப்பாட்டச் சொன்னவர். நீங்கள் மற்ற ஆக்களுக்கும் சொல்லி விடுங்கோ" என்றால் போதும், செய்தி ஊருக்கே போய்விடும். காரணம் சொல்லாமல் மறுத்தால் மனம் நோகும். வருத்தம் என்று சொன்னால் அவர்களே தனியாக ஒரு சட்டி வைப்பார்கள். பால் இல்லாத பிளேன்ரீயைச் சின்னக் கோப்பையில் கேளுங்கள்.

நல்லூர்த் திருவிழா 25 நாள். விரதம் பிடிப்பவர்கள் பகல் முழுதும் ஒன்றும் சாப்பிடாமல் இருந்து, ஒரே நேரத்தில் வயிறு நிறையச் சாப்பிடுவது இந்த நோய்க்கு மிகவும் பாரம். பாலும் பழமும் எடுக்கும் விரதமென்றால், அதே பாலும் பழமும் உங்கள் கொப்பியில் என்ன சொல்கின்றன என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

குடிப்பதற்குக் கொதித்தாறிய தண்ணீர் அல்லது போத்தல் தண்ணீர். யாழ்ப்பாணக் கிணறுகள் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரை நம்பியவை, பல இடங்களில் உரத்தால் வந்த நைத்திரேற்றும் அதிகமாக இருக்கிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. ஆகவே கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கக் கிணற்றுத் தண்ணீரை எடுக்காதீர்கள். தைபோயிட், ஈரல் அழற்சி ஏ தடுப்பூசிகள் பற்றிப் பயணத்துக்கு ஆறு கிழமை முன்னரே டொக்டரிடம் கேளுங்கள். வழக்கமாக எடுக்கும் மருந்துகள், மிளகுக்கீரை (பெப்பர்மின்ற்) எண்ணெய்க் குளிசை, இசப்பகோல் எல்லாம் மருந்துச் சீட்டின் பிரதியோடு கைப்பையில் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று, இதில் கவனம் தவறக்கூடாது. ஊரில் வயிற்றோட்டம் வந்தால் "இது என் பழைய வருத்தம்தான்" என்று படுத்துவிடாதீர்கள். காய்ச்சல், மலத்தில் இரத்தம், விடாத வாந்தி, தலைசுற்றல் இருந்தால் அது குடல் தொற்றாகவோ, மாரிக் காலமென்றால் டெங்குவாகவோ இருக்கலாம். அப்போது வயிற்றோட்டத்தை லோபெரமைட் குளிசை போட்டு நிறுத்தப் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலுக்கு அஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் வேண்டாம், பரசிற்றமோல் மட்டும். யாழ் போதனா வைத்தியசாலை இருக்கிறது, அம்புலன்சுக்கு 1990. பார்மசியில் ஜீவனி (நீரிழப்புக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) கிடைக்கும், வீட்டில் ஒன்றிரண்டு பைக்கற் வைத்திருங்கள். திரும்பி வந்த பிறகும் வயிறு கிழமைக்கணக்கில் சரியாகாவிட்டால், இலங்கை போய்வந்ததைச் சொல்லி மலப் பரிசோதனை கேளுங்கள். குடல் தொற்று வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அதன்பின் ஐ.பி.எஸ். தொடங்குகிறது. ஏற்கனவே இருந்தவர்களுக்கு, முன்பு ஒத்துக்கொண்ட சாப்பாடு சில மாதம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அப்போது பழைய கொப்பியில் புதிய பக்கம் திறந்து, வெங்காயத்திலிருந்து மறுபடி சோதியுங்கள்.