முளைகட்டிய பயறு சுவாசிப்பதைக் கண்ணால் பார்க்கலாம்

விதைக்கு நுரையீரல் இல்லை. ஆனாலும் அதன் ஒவ்வொரு செல்லும் சுவாசிக்கிறது. அதற்கான சான்றை வீட்டிலேயே எடுத்துவிடலாம்.

1. பச்சைப்பயறை முளைகட்டுங்கள். இலை பச்சையாக விரியும் முன்பே எடுத்துவிட வேண்டும். பச்சையம் வந்தால் ஒளிச்சேர்க்கை தொடங்கி, வெளிவரும் கார்பன் டை ஆக்ஸைடை இலையே திரும்ப எடுத்துக்கொள்ளும். உயிரற்ற பயறோடு ஒப்பிட்டுப் பார்க்க, பாதிப் பயறைப் பத்து நிமிடம் வேகவைத்து நன்றாக ஆறவிடுங்கள்.

2. தெளிந்த சுண்ணாம்பு நீர். பலருக்கும் சோதனை கெடுவது இங்கேதான். நீற்றிய சுண்ணாம்பையே வாங்குங்கள். நீற்றாததில் தண்ணீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும். ஒரு கரண்டி சுண்ணாம்பை பாட்டில் நிறையத் தண்ணீரில் கலக்கி, இறுக மூடி இரவு முழுவதும் அசையாமல் வையுங்கள். காலையில் மேலே நிற்கும் தெளிவை மட்டும் வடிதாளில் வடிகட்டுங்கள். துணியில் வடித்தால் நுண்துகள் தங்காது, வடிதாளே சிறந்தது. வடித்ததைத் திறந்து வைத்தால் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்ஸைடே அதை வெண்மையாக்கிவிடும். சுண்ணாம்பு நீர் கண்ணுக்குள் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. வாய் அகன்ற மூன்று கண்ணாடி பாட்டில்கள். ஒன்றில் முளைப்பயறு, ஒன்றில் வெந்த பயறு, மூன்றாவது காலி. மூன்றிலும் சுண்ணாம்பு நீர் ஊற்றிய சின்னக் கிண்ணத்தை வைத்து மூடி, இருட்டில் வையுங்கள். காலி பாட்டில் தேவையா என்று நினைக்காதீர்கள். உள்ளிருக்கும் காற்று மட்டும் எவ்வளவு வெண்மை தரும் என்பதை அதுதான் சொல்லும்.

சில மணி நேரத்தில் முளைப்பயறு பாட்டிலில் உள்ள கிண்ணத்தின் மேல் வெள்ளை ஏடு படியத் தொடங்கும். அது கால்சியம் கார்பனேட். பயறு வெளிவிட்ட கார்பன் டை ஆக்ஸைடு சுண்ணாம்பு நீரோடு சேர்ந்து உண்டானது.

இனி, உள்ளே நடந்தது. பயறின் மாவுச்சத்து குளுக்கோஸாக உடைகிறது. செல்லின் உள்ளே நிறைந்திருக்கும் சைட்டோபிளாசத்தில் ஒரு குளுக்கோஸ் இரண்டு பைருவிக் அமிலமாகப் பிரியும்போது நிகர லாபம் 2 ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு). இதற்கு ஆக்சிஜன் வேண்டாம். பிறகு பைருவிக் அமிலம் செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகிறது. அங்கே கிரெப்ஸ் சுழற்சி என்ற தொடர் வேதிவினை முடிவதற்குள் குளுக்கோஸின் ஆறு கார்பனும் கார்பன் டை ஆக்ஸைடாக வெளியேறிவிடுகின்றன. ஹான்ஸ் கிரெப்ஸ் 1937-இல் கண்டறிந்த சுழற்சி இது. 1953-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

உள்ளே போகும் ஆக்சிஜன்தான் கார்பன் டை ஆக்ஸைடாகத் திரும்பி வருகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. ஆக்சிஜன் வருவது கடைசிக் கட்டத்தில், மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாறும் எலக்ட்ரான் கடத்து சங்கிலியின் முடிவில். அங்கே எலக்ட்ரான்களையும் ஹைட்ரஜன் அயனிகளையும் ஏற்று அது தண்ணீராகிறது. ஏடிபியின் பெரும்பகுதி கிடைப்பதும் இந்தச் சங்கிலியால்தான். குழந்தைகளுக்குச் சொல்லும்போது கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறுவதையும் ஆக்சிஜன் தண்ணீராவதையும் தனித்தனியாகவே சொல்லுங்கள். வேதிச் சமன்பாட்டை மட்டும் மனப்பாடம் செய்தால் இது பிடிபடாது.

ஒரு குளுக்கோஸுக்குக் கிடைக்கும் மொத்த ஏடிபி, பழைய பாடநூல்களில் 36 அல்லது 38. இன்றைய கணக்கு சுமார் 30 முதல் 32. தேர்வு எழுதுபவர்கள் தங்கள் பாடநூலில் உள்ளதையே எழுதுங்கள்.

பின்சேர்க்கை: வெந்த பயறு பாட்டிலிலும் வெள்ளை ஏடு படிகிறதே என்று சிலர் கேட்டிருந்தார்கள். இரண்டு நாள் விட்டால் படியத்தான் செய்யும். வெந்த பயறில் நுண்ணுயிர்கள் பெருகி, அவை சுவாசிக்கின்றன. மாலையில் வைத்து மறுநாள் காலையிலேயே பார்த்துவிடுங்கள்.