அன்பியத்தில் விவிலியப் பகிர்வை நடத்தப் போகிறீர்களா?

அன்பியம் என்பது கத்தோலிக்கப் பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்கள் வீட்டில் கூடும் சிறு குழு. பெங்களூரில் நம் தமிழ் அன்பியக் கூட்டங்களில் அடிக்கடி நடப்பது இதுதான்: ஒருவர் விவிலியத்தை (பைபிளை) வாசிப்பார், அவரே அரை மணி நேரம் விளக்கம் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டிவிட்டு காபி குடித்துக் கிளம்புவார்கள். மறைவுரைக்கு, அதாவது பிரசங்கத்துக்கு, ஞாயிறு திருப்பலி (பூசை) இருக்கிறது. வீட்டில் கூடும்போது வந்தவர்கள் எல்லாரும் வாய் திறக்க வேண்டும், அதற்கு இடம் கொடுப்பதுதான் நடத்துபவரின் வேலை.

எந்தப் பகுதி என்று ரொம்ப யோசிக்க வேண்டாம், வரும் ஞாயிறு நற்செய்தியையே எடுங்கள். முறைக்கு, தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவான ஏழு படிகள் போதும்: ஆண்டவரை அழைப்பது, வாசிப்பது, மனதைத் தொட்ட சொல்லைத் திரும்பச் சொல்வது, மௌனம், பகிர்வு, என்ன செய்யலாம் என்று முடிவெடுப்பது, செபம். ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

வாசிப்பதில்தான் நம் ஊரில் ஒரு சிக்கல். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத்து வராது, அவர்கள் கன்னடமோ ஆங்கிலமோதான் படிக்கிறார்கள். அதனால் முதல் தடவை திருவிவிலியத்திலிருந்து ஒரு பெரியவர் நிதானமாக வாசிக்கட்டும், இரண்டாம் தடவை அதே பகுதியை ஒரு பிள்ளை தனக்குத் தெரிந்த மொழியில் வாசிக்கட்டும். பிள்ளைகளை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, பிறகு அவர்கள் வருவதில்லை என்று வருத்தப்படக் கூடாது.

மாற்கு 10:46-52, பர்த்திமேயு பகுதி என்று வையுங்கள். ஒருவர் 'மேலுடையை எறிந்துவிட்டு' என்று சொல்வார், இன்னொருவர் 'கூப்பிடுகிறார்' என்பார். ஏன் அந்தச் சொல் என்று உடனே கேட்காதீர்கள், சொல் அப்படியே கிடக்கட்டும். அப்புறம் மூன்று நிமிடம் மௌனம். வெளியே ஆட்டோ ஹாரன் கேட்கும், பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடிக்கும், உங்களுக்கே சங்கடமாக இருக்கும். பாட்டுப் போட்டு அதை நிரப்பிவிடாதீர்கள், பேசாத அக்கா ஒருவர் பேசத் துணிவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். அந்தப் பகுதியில் பார்வையற்றவரைப் பேசாமல் இருக்கச் சொல்லி அதட்டியது கூட்டம், அவரைக் கூப்பிடச் சொன்னது இயேசு. நடத்துபவர் இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

பகிரும்போது 'நாம் எல்லாரும் இப்படி இருக்கணும்' என்று யாராவது ஆரம்பித்தால், 'உங்களுக்கு என்ன தோன்றியது அண்ணா?' என்று மெல்லத் திருப்பிவிடுங்கள். ஒருவர் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி அழுதால் யாரும் அறிவுரை சொல்லத் தேவையில்லை, கேட்டாலே போதும். அது அந்த அறையைத் தாண்டி வெளியே போகவும் கூடாது. ஒரு தடவை போய்விட்டால் அந்தக் குடும்பம் மறுபடி வாய் திறக்காது, இதை நான் பார்த்திருக்கிறேன். பதில் தெரியாத கேள்வி வந்தால் எழுதிவைத்து ஃபாதரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, கத்தோலிக்கம் அல்லாத சீர்திருத்தச் சபை) நண்பர்கள் யாராவது வந்தால் சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் விவிலியத்தில் 66 நூல்கள், நம்முடையதில் 73. அதனால் தோபித்து, சீராக் போன்றவை அவர்களிடம் இருக்காது. நாம் திருப்பாடல்கள் என்பதை அவர்கள் சங்கீதம் என்பார்கள், அவ்வளவுதான்.

ஆறாவது படியைப் பலரும் அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். தெருவில் யார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், யார் வேலையில்லாமல் இருக்கிறார் என்று பேசி, யார் எந்த நாளில் போய்ப் பார்ப்பது என்பதைப் பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். அடுத்த வாரம் ஆண்டவரை அழைத்துத் தொடங்கியதும், வாசிப்பதற்கு முன்னால் போய்ப் பார்த்தவர்களைப் பேச விடுங்கள்.