நாணல் கதிர்க்குருவியைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செப்டம்பர் பிறந்துவிட்டால் குன்னூர், கோத்தகிரி, தாண்டிக்குடிப் பக்கத்துப் புதர்களுக்குள் ‘டக்... டக்’ என்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பிக்கும். பிளைத் நாணல் கதிர்க்குருவிதான். ஃபின்லாந்து முதல் மத்திய ஆசியா வரை கோடையில் கூடு கட்டும் பறவை, ஏப்ரல் வரை நம் பக்கம் தங்கும்.

இதைத் தேடிப் பலரும் நேராக ஏரிக்கரைக் கோரைக்குத்தான் போகிறார்கள். குளிர்காலத்தில் இதற்கு நாணல் தேவையே இல்லை. உண்ணிச்செடிப் புதர், காபித் தோட்ட வேலி, வீட்டுப் பின்பக்கத்துச் செடிகள் போதும். சமவெளிக் குளத்து நாணலில் கரகரவென்று உரக்கக் கத்துவது வேறு இனம், அது உருவத்திலும் பெரியது.

பெரிய தவறு, நிறத்தை வைத்து முடிவு செய்வது. மூடுபனியிலும் இலை நிழலிலும் ஒரே பறவை ஒருமுறை பச்சையாகத் தெரியும், மறுமுறை பழுப்பாகத் தெரியும். கேமராவும் தன் பங்குக்கு ஏமாற்றும். அதனால் முகத்தைப் பாருங்கள். இதன் புருவக்கோடு, அதாவது கண்ணுக்கு மேலே ஓடும் வெளிர் கோடு, அலகடியில் தொடங்கி, கண்ணைத் தாண்டியதும் மங்கிவிடும். வயல் கதிர்க்குருவிக்கு அந்தக் கோடு கண்ணுக்குப் பின்னாலும் பளிச்சென்று நீளும், மேலே கருமையான விளிம்பும் இருக்கும். தடித்த அலகுக் கதிர்க்குருவிக்குப் புருவமே கிடையாது. மரத்தின் உச்சி இலைகளில் துறுதுறுவென்று திரிவது பெரும்பாலும் இலைக் கதிர்க்குருவி. அது இன்னும் சிறியது, அலகும் குட்டை. நம் பறவை சுமார் 13 செ.மீ., அலகு நீளம், சிறகில் பட்டை இல்லை.

இத்தனையும் ஒரே பார்வையில் கிடைக்காது. அரைகுறையாகப் பார்த்துவிட்டு இனப்பெயரோடு பறவைப் பதிவுத் தளமான இ-பேர்டில் ஏற்றுவதைவிட, ‘ஏதோ ஒரு கதிர்க்குருவி’ என்று பதிவதே நேர்மை. என்னைக் கேட்டால் கண்ணைவிடக் காது நம்பகம். முதலில் அந்த ‘டக்’கைப் பழகிக்கொள்ளுங்கள், அப்புறம் பைனாகுலரை எடுக்கலாம்.

செல்போனில் குரலை ஒலிக்கவிட்டு வெளியே இழுப்பது வேண்டாம். இரை தேட வேண்டிய நேரத்தில் பறவை இல்லாத எதிரியைத் தேடி அலையும். கல்லெறிவது, புதரை உலுக்குவது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

புதருக்குள் நுழைவதும் கூடாது. குன்னூர்த் தேயிலை ஓரத்திலும் கொடைக்கானல் தெருக்களிலும்கூடக் காட்டுமாடு நடமாடுகிறது, புதருக்குப் பின்னால் படுத்திருந்தால் பக்கத்தில் போகும்வரை தெரியாது. பாதையிலேயே அசையாமல் நில்லுங்கள். பூச்சி பொறுக்கிக்கொண்டே பறவை ஓரத்துக்கு வரும். கொடைக்கானலை அடுத்த பேரிஜம் ஏரிப் பக்கம் போவதாக இருந்தால் முன்னதாகவே வனத்துறை அனுமதி வாங்கிவிடுங்கள்.