மச்சில் கிடந்த பென்டியம் 4

அம்பாசமுத்திரம் வீட்டு மச்சிலிருந்து பழைய பென்டியம் 4 கம்ப்யூட்டரை இறக்கினேன். இன்டெல் 845ஜி மதர்போர்டு. போர்டோடு சேர்ந்தே வரும் ஆன்போர்டு கிராபிக்ஸில் விண்டோஸ் 98 கேம்கள் திக்கித் திக்கித்தான் ஓடும். பாளையங்கோட்டையில் ஒரு பழைய சாமான் கடையில் ஜீபோர்ஸ் எஃப்எக்ஸ் 5200 கிராபிக்ஸ் கார்டு கிடைத்தது. வாங்கும்போது கவனம்: இந்தப் போர்டில் ஏஜிபி (கிராபிக்ஸ் கார்டு செருகும் பழைய வகை ஸ்லாட்) 1.5 வோல்ட் மட்டும்தான். 3.3 வோல்ட் கார்டு இதில் நுழையாதபடி அடிவிளிம்பில் வெட்டு இருக்கும்; ஆனால் சிலது தப்பான வெட்டோடு வரும். செருகினால் போர்டே போய்விடும்.

மாட்டினேன், திரை இருட்டு. கழற்றிப் பார்த்தால் ஸ்லாட்டுக்குள் போகும் தங்கப் பல்லெல்லாம் பச்சைக் களிம்பு. பள்ளிக்கூட அழிரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்தேன். கால் மணி நேரத்தில் மஞ்சள் பளபளத்தது. ஸ்லாட்டிலும் தூசி தட்டி, சரியாக உட்காரும்வரை அழுத்தினேன். படம் வந்துவிட்டது!

கார்டுக்கான என்விடியா டிரைவர் 45.23 போட்டேன். இந்தக் கார்டில் 8 பிட் பேலட் டெக்ஸ்சர் (256 நிறப் பட்டியலை வைத்துப் படப்பரப்புக்கு நிறம் தரும் பழைய முறை) உண்டு, அடுத்த தலைமுறையான ஜீபோர்ஸ் 6-இல் எடுத்துவிட்டார்கள். பழைய கேம்கள் சிலது அதைப் பயன்படுத்தும்; அதனால்தான் இதையே தேடினேன்.