புராஜெக்ட் நோட்டில் அழிரப்பர் வேண்டாம்

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றின் வேகத்தை அளந்துகொண்டிருக்கும் மூன்றாமாண்டு இயற்பியல் மாணவி ஒருத்தி போன வாரம் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். ஓர் அடித்தல்கூட இல்லை. "ரஃப் தாள்ல எழுதிட்டு, சரியா வந்ததை மட்டும் நோட்டுல ஏத்தினேன் சார்" என்றாள். எனக்குப் பகீரென்றது. இருபது வருடம் முன்பு நான் செய்ததும் இதேதான்.

அளவீட்டை அழிப்பது

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம். அதனால் அங்கே இயற்கைக் கதிர்வீச்சு கூடுதல். அதை ஜி.எம். கவுன்ட்டரால் (கதிர்வீச்சுத் துகள்களை ஒவ்வொன்றாக எண்ணும் கருவி) இடம் இடமாக அளப்பதுதான் என் கடைசி ஆண்டு புராஜெக்ட். ஓரிடத்துக்குப் பத்து நிமிடம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் எண்ணிக்கை மும்மடங்கு ஏறியது. கருவிக் கோளாறு என்று நானே முடிவுகட்டி, எழுதியதை அழித்தேன். பத்தடி தள்ளிப் போய் அளந்து, அந்த எண்ணை எழுதிக்கொண்டேன்.

லேபில் படிந்த பழக்கம் அது. ஊசலை ஆட்டினால் ஈர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டும் என்று முன்பே தெரியும். வராவிட்டால் நேரத்தைக் கொஞ்சம் திருத்தி வரவழைப்போம். புராஜெக்டில் வரவேண்டிய விடை நமக்கு வழிகாட்டும் கைடுக்கும் தெரியாது. அப்புறம் எதைப் பார்த்துத் திருத்துவது?

ஒரு மாதம் கழித்து எங்கள் மேடம் கேட்டார்: "கருமணல் பட்டை மேல அளந்தியா?" அலை இலேசான மணலை அரித்துக்கொண்டு போகும். இல்மனைட், சிர்கான், மோனசைட் போன்ற கனமான கனிமங்கள் எல்லாம் கரையில் கறுப்புப் பட்டையாகத் தங்கும். நான் அழித்தது அப்படியொரு பட்டை மேல் எடுத்த அளவீடு. ஆயிரத்துக்கு மேல் எண்ணிக்கை வந்தால் தற்செயல் ஏற்ற இறக்கம் சுமார் 3 சதவீதம்தான். மும்மடங்கு தற்செயலாக வரவே வராது. ஓடிப்போய்ப் பார்த்தேன். கடல் அந்தக் கரையைப் புரட்டிப் போட்டிருந்தது. அழித்த எண் என்னவென்று எனக்கு நினைவிலும் இல்லை. இன்று நினைத்தாலும் ஆற்றாமையாக இருக்கிறது.

பேனாவால் எழுதுங்கள். சந்தேகம் வந்தால் எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு போதும். அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் நேரம், இடம், மணலின் நிறம், ஏன் சந்தேகம் என்று குறியுங்கள். அந்த இடத்தை விட்டு நகராமல் மறுபடி அளங்கள்.

கருவியைச் சோதிக்காமல் கிளம்புவது

புறப்படும்முன் லேபில் ஓர் அளவு, திரும்பியதும் அதே இடத்தில் ஓர் அளவு. இதைச் செய்திருந்தால் என் கவுன்ட்டரில் கோளாறு இல்லை என்று அன்று மாலையே தெரிந்திருக்கும்.

அவசரமாக எண்ணுவது

100 எண்ணிக்கைக்குப் பிழை 10 சதவீதம். 10,000 வந்தால் 1 சதவீதம். நின்று எண்ணுங்கள்.

கைடிடம் நல்ல செய்தியை மட்டும் சொல்வது

கெட்டதை முதலில் சொல்லுங்கள்.

அந்த மாணவி ரஃப் தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டாள். ஆனால் கூட வேலை செய்யும் தோழி நான்கு தாள்களைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். பிரின்ட் எடுத்து நோட்டில் ஒட்டச் சொன்னேன். விட்டுப்போன எண்களில் மூன்று, ஒரே சாயங்கால வேளையில் எடுத்தவை. இந்த வாரமும் அதே வேளையில் மொட்டை மாடியில் கருவியோடு நிற்கிறார்கள்.